கடல் கடந்தோர் கட்டிய பேட்டை: பினாங்குச் சூலியா வீதியின் வரலாறும் வாழ்வும்

கட்டுமாவடி தொடங்கி மீமிசல் வரை நீண்டு கிடக்கும் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையிலே பல ஊர்களின் பெயர்கள் ‘பட்டினம்’ என்றே முடிகின்றன. அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் என்று அவை வரிசையாக வருகின்றன. பட்டினம் என்பது கடற்கரையில் அமைந்த வணிக ஊரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாக உருவாகும் வரை அறந்தாங்கிப் பகுதி தஞ்சை மாவட்டத்தோடு இணைந்திருந்தது. மாவட்டத்தின் பெயர் மாறியது. ஆனால் இக்கரையோர மக்கள் கடலை நோக்கியே வாழ்ந்த வாழ்வு மாறவில்லை.

‘சபர்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்று பொருள். பொருள் தேடிக் கடல் கடந்து சென்றவரை நம் வீடுகளில் ‘சபுராளி’ என்றே அழைத்து வந்தனர். இன்று வளைகுடா நாடுகளுக்குச் செல்வோருக்கும் அந்தப் பெயர் வழங்குகிறது. ஆயினும் நம் பாட்டன்மார் காலத்தில் சபர் என்றால் மலாயா, சிங்கப்பூர், பர்மா, இலங்கை என்பனவே பொருளாக இருந்தன. கப்பல் முதலில் தொட்ட மலாயாத் துறை பினாங்கு. அந்தத் துறைமுகத்தை ஒட்டி, தமிழ் முஸ்லிம்கள் தம் வியர்வையால் எழுப்பிய பேட்டை ஒன்று இரு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. அதன் நடுவே ஓடும் சாலைக்கு இன்றும் சூலியா வீதி என்றே பெயர்.

அப்பேட்டையின் கதையில் நம் முன்னோரின் உழைப்பு இருக்கிறது, வள்ளன்மை இருக்கிறது. அறத்திற்காக ஒதுக்கிய சொத்து எவ்வாறு காக்கப்படும், எவ்வாறு கைநழுவிப் போகும் என்ற பாடமும் இருக்கிறது. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடம் அது.

பாக்குத் தீவில் ஒரு துறைமுகம்

மலாய் மொழியில் ‘பினாங்’ என்றால் பாக்கு. பாக்கு மரங்கள் நிறைந்த அத்தீவு கெடா நாட்டுச் சுல்தானின் ஆட்சியில் இருந்தது. 1786ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கில வணிகர் அங்கு வந்து இறங்கினார். ஆகஸ்ட் 11ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் தீவைத் தமதாக்கிக் கொண்டார். துறைமுக நகருக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயரிட்டார். நகரின் வடகிழக்கு முனையில் கோட்டை எழுந்தது. அதன் பக்கத்தில் சில தெருக்கள் கட்டம் கட்டமாக வகுக்கப்பட்டன. லைட் வீதி, கடற்கரை வீதி, பிட் வீதி ஆகியவற்றோடு அன்று மலபார் வீதி என வழங்கிய சூலியா வீதியும் அந்த முதல் தெருக்களுள் ஒன்றாகும்.

ஆங்கிலேயர் வந்த பின்னர்தான் தமிழ் முஸ்லிம்கள் அங்கு சென்றனர் என்று எண்ணுவது பிழை. சோழமண்டலக் கரையிலிருந்து துணி மூட்டைகளுடன் புறப்பட்ட நம் மரக்கலங்கள், அதற்கு நெடுங்காலம் முன்பே கெடாவுக்கும் அச்சேவுக்கும் சென்று வந்தன. துணியைக் கொடுத்து மிளகு, பாக்கு, ஈயம் ஆகியவற்றைக் கொண்டு வந்தனர். கெடாவிலிருந்து யானைகளையும் கப்பலேற்றி வந்தனர் என்றால், அம்மரக்கலங்கள் எத்தகையன என்பதை எண்ணிப் பார்க்கலாம். கம்பெனி புதிய துறைமுகத்தைத் திறந்தபோது, வாணிபமும் கடலும் அறிந்த அம்மக்கள் கெடாவிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் அங்கே குடியேறினர். அவர்களை ஆங்கிலேயர் ‘சூலியாக்கள்’ என்றனர். சோழ நாடு என்பதிலிருந்து பிறந்த பெயர் அது என்று பலர் கருதுவர்.

1794ஆம் ஆண்டு லைட் தம் மேலிடத்திற்கு அனுப்பிய அறிக்கையில் சூலியாக்களைப் பற்றியும் எழுதியுள்ளார். தமிழகக் கரையிலிருந்து கப்பல்கள் ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேரைக் கொண்டு வருகின்றன. அவர்கள் வணிகத்தாலும் பலவகை உழைப்பாலும் சிறிது பொருள் ஈட்டி ஊர் திரும்புகின்றனர். அவர்களின் இடத்திற்கு வேறு சிலர் வருகின்றனர் என்பது அதன் சாரம். வருவதும் போவதுமாக அமைந்த அந்த வாழ்வே அடுத்த 150 ஆண்டுகளுக்குச் சூலியா வீதியின் மூச்சாக இருந்தது.

பள்ளிவாசலும் பதினெட்டு ஏக்கரும்

வந்தவர்களுக்குத் தலைவராக ஒருவரைக் கம்பெனி அமர்த்தியது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற கப்பல் வணிகரான காதர் முஹ்யித்தீன் அவர்களே அப்பொறுப்பை ஏற்றார். அவரது பதவியின் பெயர் ‘கப்பித்தான் கிளிங்’. கிளிங் என்பது கலிங்கம் என்ற பெயரின் திரிபு. தென்னிந்தியர் அனைவரையும் அன்று மலாய் மக்கள் அச்சொல்லால் குறித்தனர். காலப்போக்கில் அது இழிவாகப் பேசும் சொல்லாக மாறிவிட்டது. இன்று அச்சொல்லை வீதியில் எவரையும் நோக்கிக் கூறுவது முறையன்று. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது வரலாற்றின் சின்னமாக நிலைத்திருக்கிறது.

1801ஆம் ஆண்டு, துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத் காலத்தில், பள்ளிவாசலுக்கும் அதைச் சார்ந்த தேவைகளுக்கும் 18 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. வளர்ந்து வரும் துறைமுக நகரின் நெஞ்சிலே 18 ஏக்கர்! காதர் முஹ்யித்தீன் அந்நிலத்தில் எழுப்பிய பள்ளிவாசலே கப்பித்தான் கிளிங் பள்ளி எனப் புகழ் பெற்றது. 1834ஆம் ஆண்டு அவர் மறைந்தார். பள்ளிக்கு அருகில் கம்போங் கோலம் என்ற சாலையில் அவரது அடக்கத்தலம் உள்ளது.

சூலியா வீதியும் ராஜா வீதியும் கூடும் முனையில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் நினைவாக ஒரு சிறு தர்கா எழுந்தது. கடலில் செல்வோர் நாகூரை நினைத்துப் புறப்படுவதும், கரை சேர்ந்ததும் நன்றி கூறுவதும் அக்காலத்து வழக்கம். சிங்கப்பூரிலும் 1828 முதல் 1830 வரையிலான காலத்தில் நாகூரார் பெயரால் ஒரு தர்கா கட்டப்பட்டது. பின்னர் சூலியா வீதியிலேயே அலிம்ஷா வலீ பள்ளிவாசல் அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெருவணிகரான முஹம்மது நூர்தீன் மரைக்காயர் குடும்பத்தின் அடக்கத்தலமும் அவ்வீதியிலேயே உள்ளது.

பிற சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் கூப்பிடு தொலைவிலேயே உள்ளன. 1818ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தேவி ஆலயம், 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாமாரியம்மன் கோயில் ஆகியவை பள்ளிவாசலிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் அமைந்துள்ளன. பிட் வீதி என்ற பழம்பெயர் மாறி, அச்சாலை இன்று ‘கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை’ என்றே வழங்குகிறது. பிழைப்புக்காகக் கூடிய மக்கள் ஒருவர் வணக்கத்திற்கு ஒருவர் இடையூறின்றி இருநூறு ஆண்டுகள் அண்டை வீட்டாராக வாழ்ந்துள்ளனர். அண்டை வீட்டாரின் உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த அளவுக்கு வலியுறுத்தினார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பெருமை விளங்கும்.

அமானிதம் தளர்ந்தபோது

வக்ஃபு என்றால் நிறுத்தி வைத்தல் என்று பொருள். கைபரில் தமக்குக் கிடைத்த சிறந்த நிலத்தை என்ன செய்வது என்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் நபிகளாரிடம் ஆலோசனை கேட்ட வரலாறு நாம் அறிந்ததே. நிலத்தை நிறுத்தி வைத்து, அதன் பயனைத் தர்மம் செய்யும்படி அவர்களுக்கு வழி காட்டப்பட்டது. அதன்படி அந்நிலம் விற்கப்படவில்லை, அன்பளிப்பாக வழங்கப்படவில்லை, வாரிசுகளுக்குப் பங்கிடப்படவும் இல்லை. ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும் அதன் விளைச்சல் சென்றது. அதை நிர்வகிப்பவர் நியாயமான அளவு உண்ணலாம். அதைக் கொண்டு செல்வம் சேர்க்கக் கூடாது என்பது விதி. வக்ஃபுச் சட்டம் முழுவதற்கும் வேர் இந்த நிகழ்ச்சியே எனலாம்.

பினாங்கில் நிகழ்ந்ததைப் பாருங்கள். நகரம் வளர வளர அந்த 18 ஏக்கரின் மதிப்பும் பன்மடங்கு பெருகியது. அதில் வீடுகளும் கடைகளும் நெருங்கின. முதல் தலைமுறை மறைந்தது. நிர்வாகப் பொறுப்பு வாரிசுகளின் கைகளுக்கு மாறியபோது, இது அமானிதமா, குடும்பச் சொத்தா என்ற எல்லை மங்கத் தொடங்கியது. வாடகை எங்கே செல்கிறது, கணக்கு எங்கே, பள்ளிவாசல் ஏன் பழுதடைகிறது என்ற கேள்விகள் எழுந்தன. வழக்குகள் வளர்ந்தன. முஸ்லிம்கள் தமக்குள் தீர்த்துக் கொள்ள வேண்டிய விவகாரம் ஆங்கில அரசின் வாசலுக்குச் சென்றது.

1905ஆம் ஆண்டு, நீரிணைக் குடியேற்ற நாடுகளின் அரசு ‘முஹம்மதிய, இந்து அறக்கட்டளைச் சட்டம்’ ஒன்றை இயற்றியது. சரிவர நிர்வகிக்கப்படாத அறச் சொத்துக்களை எடுத்து நடத்த ஒரு வாரியம் அமைந்தது. கப்பித்தான் கிளிங் பள்ளியின் நிலங்களும் அதன் பொறுப்பில் வந்தன. நிலத்தில் நெருக்கமாக இருந்த குடியிருப்புக்கள் அகற்றப்பட்டன. முறையான கடைக் கட்டடங்கள் எழுந்தன. 1916ஆம் ஆண்டு பள்ளிவாசல் விரிவாகப் புதுப்பிக்கப்பட்டது. உயர்ந்த குவிமாடமும் மினாராவும் கொண்டு இன்று நாம் காணும் அழகிய தோற்றம் பெரும்பாலும் அப்பணியிலிருந்து வந்ததாகும்.

இதில் நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. கணக்கு ஒழுங்கானது, வருவாய் பள்ளிக்கே சென்றது, கட்டடம் காப்பாற்றப்பட்டது. ஆனால் பள்ளியைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த எளிய குடும்பங்கள் பல இடம் பெயர்ந்தன. ஜமாஅத்தின் சொல்லால் நடக்க வேண்டிய நிர்வாகம் அரசு அதிகாரிகளின் கைக்குப் போயிற்று. மலாயா விடுதலை பெற்ற பின்னர், பினாங்கு மாநில இஸ்லாமிய சமய மன்றம் வக்ஃபுகளின் அறங்காவல் பொறுப்பை ஏற்றது. இன்றும் அவ்வாறே நடைபெறுகிறது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை நாம் காக்கத் தவறினால், வேறொருவர் வந்து காப்பார். ஆனால் அவர் தம் முறைப்படியே காப்பார். நம் வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியாது.

துறைமுகத்தின் தோள்கள்

1869ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் பெருகின. பேராக் பகுதியின் ஈயமும், பின்னர் ரப்பரும் பினாங்கு வழியாக ஏற்றுமதியாயின. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, தோணிகள் சரக்கைச் சுமந்து கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஓடின. அத்தோணிகளிலும் கிடங்குகளிலும் தமிழ் முஸ்லிம் தொழிலாளர் ஏராளமாக உழைத்தனர். சரக்கு ஏற்றி இறக்கும் குத்தகையாளர்களாகவும், கப்பல்களுக்கு உணவும் கயிறும் தண்ணீரும் வழங்குவோராகவும், நாணயம் மாற்றுவோராகவும், நகை வணிகராகவும், புத்தக வணிகராகவும் பலர் உயர்ந்தனர்.

உழைப்பாளிகள் பலர் ஒரே ஊரார் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடுகளில் தங்கினர். ஓர் அறையில் பத்துப் பேர், பதினைந்து பேர். பாய் ஒன்று, தகரப் பெட்டி ஒன்று. பகல் வேலைக்காரன் எழுந்த பாயில் இரவு வேலைக்காரன் படுப்பான். ஊரிலிருந்து வந்த கடிதத்தை எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க மற்றவர் கூடிக் கேட்பர். அவ்வீட்டில் ஒருவர் இறந்தால், ஜனாஸாவுக்குரிய காரியங்களைச் செய்து, அவரது பெட்டியையும் மீதிப் பணத்தையும் ஊருக்கு அனுப்பி வைப்பது எல்லோரின் கடமையாக இருந்தது.

அத்தொழிலாளருக்கு உணவளித்த தொழிலே இன்று உலகப் புகழ் பெற்ற ‘நாசி கண்டார்’. நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவுதடி. தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புப் பாத்திரம். விடியற்காலையில் துறைமுகத்து மரத்தடியில் இறக்கி வைத்து, வேலைக்குச் செல்லும் மக்களுக்குப் பரிமாறினர். கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பகுதியினர் இத்தொழிலில் பெயர் பெற்றனர். 1907ஆம் ஆண்டு தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்றும் நடைபெறுகிறது. நாட்டின் எப்பகுதிக்குச் சென்றாலும் இந்திய முஸ்லிம் உணவுக்கடையை மலேசியர் ‘மாமாக்’ கடை என்பர். நம்மவரை அன்போடு ‘மாமா’ என்று அழைத்த தமிழ்ச் சொல்லே அப்பெயரின் தோற்றுவாய்.

எழுத்தும் அங்கு வளர்ந்தது. நாகூர் குலாம் காதிறு நாவலர் அவர்கள் பினாங்குடன் தொடர்பு கொண்டு ‘வித்தியா விசாரிணி’ என்ற இதழை நடத்தினார். சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887ஆம் ஆண்டு ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். கூலி வேலைக்குச் சென்ற சமுதாயம் என்று நம்மைக் குறைத்து மதிப்பிடுவோர், அக்காலத்திலேயே அயல்நாட்டுத் துறைமுகங்களில் தமிழ் அச்சேறிய உண்மையை அறிய வேண்டும்.

இரு கரையிலும் குடும்பம்

இக்கதையின் மறுபாதி நம் ஊர்களின் வீடுகளில் நடந்தது. கணவன் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவான், ஓராண்டு தங்குவான், மீண்டும் கப்பலேறுவான். பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் போகும். பிள்ளையின் முகத்தை அவன் காணும்போது அது ஓடி விளையாடும் வயதை எட்டியிருக்கும். வயலையும் வீட்டையும் மாமியாரையும் பிள்ளைகளையும் தனியே தாங்கிய பெண்களின் பொறுமையே நம் கரையோர ஊர்களை நிலைநிறுத்தியது. பள்ளிவாசல் கட்டச் சபுராளி பணம் அனுப்பினான் என்று கல்வெட்டில் எழுதுகிறோம். அப்பணம் சேர, இங்கே கஞ்சி குடித்தவளின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

பினாங்கில் மணம் புரிந்து இரண்டாவது இல்லம் அமைத்தோரும் பலர். தமிழ் முஸ்லிம் தந்தையருக்கும் மலாய்த் தாய்மாருக்கும் பிறந்த மக்கள் ‘ஜாவி பெரனாக்கன்’ எனப்பட்டனர். கல்வியிலும் பத்திரிகைத் துறையிலும் அரசுப் பணியிலும் அவர்கள் சிறந்து விளங்கினர். ஆனால் அதே காலத்தில், கடிதமும் மணியார்டரும் மெல்ல மெல்லக் குறைந்து பின் நின்றுபோக, காரணம் அறியாமலே காத்திருந்த மனைவியரும் நம் ஊர்களில் உண்டு. மனைவியரிடையே நீதி செலுத்துவதை மார்க்கம் கட்டாயமாக்கியுள்ளது. கடல் இடையே இருக்கிறது என்பதால் அக்கடமை நீங்கிவிடாது.

போரும் அனுமதிச் சீட்டும்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனின் மீது குண்டு வீசின. வானத்தில் விமானம் கண்டு வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடிய மக்கள் பலர் மாண்டனர். அம்மாதமே தீவு ஜப்பானியர் வசமாயிற்று. 1945ஆம் ஆண்டு செப்டம்பர் வரை கப்பல் இல்லை, பணம் இல்லை, கடிதம் இல்லை. உயிரோடிருக்கிறானா, மையித்தா என்றறியாத மூன்றரை ஆண்டுகள்!

போருக்குப் பின் கப்பல்கள் மீண்டும் ஓடின. 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்ற கப்பலை அறியாத மலாயா வீடு இல்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக் கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்ற அக்கப்பல், 1973ஆம் ஆண்டு அவ்வழித்தடத்தினின்று ஓய்வு பெற்றது. அதன்பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது. உயிர்ச்சேதம் நேர்ந்த அவ்விபத்தோடு கப்பல் பயணக் காலமும் முடிவுற்றது எனலாம்.

அதற்கு முன்பே சட்டம் கதவை அடைத்து விட்டது. 1957ஆம் ஆண்டு மலாயா விடுதலை பெற்றது. குடியுரிமை பெறலாமா, ஊர் திரும்பலாமா என்று ஒவ்வொருவரும் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. நாளை பார்க்கலாம் என்று பலர் காலம் கடத்தினர். 1968ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறுவது கட்டாயமாயிற்று. 1969ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான இந்தியர் தம் வாழ்நாள் உழைப்பை விட்டு ஊர் திரும்பினர். அதே 1969ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுனின் சுங்கமில்லாத் துறைமுகம் என்ற தகுதியும் நீக்கப்பட்டது. பெரிய சரக்குத் துறைகள் எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்கு மாறின. தோணிகளும் சுமைகாரரும் மறைந்தனர்.

வாடகைச் சட்டம் நீங்கிய பின்

துறைமுக வேலை குறைந்தாலும் பேட்டையில் மக்கள் வாழ்ந்தனர். அதற்கு ஒரு காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். போருக்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை உயர்த்த முடியாது என்பதால், தையற்காரரும் சிறு வியாபாரியும் முதியோரும் நகரின் நடுவிலேயே வாழ முடிந்தது. 1997ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டத்தின்படி, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு அக்கட்டுப்பாடு முடிவுற்றது. வாடகை பன்மடங்கு உயர்ந்தது. தலைமுறைக் குடித்தனங்கள் பல வெளியேறிப் புறநகர் அடுக்குமாடிகளுக்குச் சென்றன. வீடுகள் சில காலியாகக் கிடந்தன. சில பறவைக்கூடு சேகரிக்கும் இடங்களாயின.

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகராக அறிவித்தது. பழைய கட்டடங்களை இடிக்கத் தடை வந்தது. சுற்றுலா வளர்ந்தது. 2012ஆம் ஆண்டு சுவர்களில் வரையப்பட்ட ஓவியங்களைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்தனர். பத்துப் பேர் பாய் விரித்த வீடுகளில் பல, இன்று பயணியர் தங்கும் அழகிய விடுதிகள். சுவர் காக்கப்பட்டது, சுவருக்குள் இருந்த குடும்பம் காக்கப்படவில்லை என்பது அங்குள்ளோர் பலரின் ஆதங்கம்.

ஆயினும் பேட்டை உயிரோடுதான் இருக்கிறது. சூலியா வீதியில் இன்றும் நாணயம் மாற்றும் கடைகள் உண்டு. பக்கத்துச் சந்தை வீதியில் பூச்சரமும் மளிகையும் துணியும் விற்கும் தமிழ்க் கடைகளுண்டு. பாங்கு ஒலித்ததும் கடைக்காரரும் சமையற்காரரும் கப்பித்தான் கிளிங் பள்ளியை நோக்கி விரைகின்றனர். ஜும்ஆ நாளில் தமிழர், மலாய்க்காரர், வங்காளத் தொழிலாளர், வழிப்போக்கரான பயணிகள் யாவரும் ஒரே ஸஃப்பில் நிற்கின்றனர். 1801ஆம் ஆண்டு நிறுத்தி வைக்கப்பட்ட அந்த நிலம், தன் மீது தொழுவோரின் ஊரைக் கேட்பதில்லை.

நமக்குரிய கடமை

முதலாவது, இன்றும் நம் இளைஞர்கள் மலேசியா செல்கின்றனர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் இந்தியர் விசா இல்லாமல் சுற்றுலா வரலாம் என்று அந்நாடு அறிவித்தது. இதைக் காட்டி, ‘முதலில் போய் இறங்கு, வேலைச் சீட்டுப் பின்னால் வரும்’ என்று கூறும் முகவர்கள் உண்டு. நம்பாதீர்கள். சுற்றுலாவில் சென்று வேலை செய்வது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் சிறையும் நாடு கடத்தலும் நேரும். நம் நாட்டின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவரா என்று விசாரியுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துப் பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். மற்றொருவரின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது மலேசியச் சட்டப்படியே குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். கடன் வாங்கிக் கப்பலேறியவரின் துன்பத்தை அறிந்த வீடுகள், அதே துன்பத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பலாகாது.

இரண்டாவது, நம் ஊர் வக்ஃபுகள். சபுராளிகளின் பணத்தால் வாங்கிய தோப்பும் கடையும் வயலும் பல பள்ளிவாசல்களுக்கு உண்டு. அவற்றின் மூலப் பத்திரம் எங்கே இருக்கிறது? முதவல்லியின் பெட்டியிலா, ஜமாஅத்தின் பெட்டியிலா? நான்கெல்லை அளந்து எத்தனை ஆண்டுகள் ஆயின? 40 ஆண்டுகளுக்கு முன் பேசிய வாடகையையே இன்றும் வாங்குகிறோமா? வாங்குபவர் ஏழையா, நிர்வாகியின் உறவினரா? வரவு செலவு ஆண்டுக்கொரு முறையாவது பள்ளியின் பலகையில் ஒட்டப்படுகிறதா? வக்ஃபு செய்தவர் எந்த ஏழைக்காக எழுதி வைத்தாரோ அந்த ஏழைக்கு அது சேர்கிறதா?

இந்தியாவில் 2025ஆம் ஆண்டு கொண்டு வரப்பட்ட வக்ஃபுத் திருத்தச் சட்டம், ஒவ்வொரு வக்ஃபுச் சொத்தின் விவரத்தையும் மத்திய அரசின் இணையப் பதிவேட்டில் ஏற்றும்படி கூறுகிறது. அச்சட்டத்தைப் பற்றிய விவாதங்கள் ஒருபுறம் இருக்கட்டும். பத்திரமும் அளவும் கணக்கும் கையில் உள்ள ஜமாஅத்து எந்தச் சட்டத்தின் முன்னும் நிமிர்ந்து நிற்கும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருக்கும் ஜமாஅத்து எந்தச் சட்டம் வந்தாலும் தடுமாறும். 1905ஆம் ஆண்டில் பினாங்கு கண்ட உண்மை இதுவே.

ஆகவே, ஒவ்வொரு ஊரிலும் இளைஞர் இருவரையும் மூத்தோர் இருவரையும் அமர்த்துங்கள். வக்ஃபுச் சொத்துக்களின் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். பத்திரங்களைப் படியெடுத்து மூன்று இடங்களில் வையுங்கள். நினைவாற்றல் உள்ள முதியவர்கள், பாட்டிமார்கள் கூறும் செய்திகளை எழுதி வாங்குங்கள். எந்தத் தோப்பு எந்தச் சபுராளி வாங்கிக் கொடுத்தது என்பது அவர்களுக்கே தெரியும். அவர்கள் கண்மூடிய பின் அதைக் கேட்க யாரும் இல்லை. கணக்குக் கேட்பதைப் பகை என்று எண்ணாதீர்கள். கணக்குக் காட்டுவதை அவமானம் என்றும் எண்ணாதீர்கள். மறுமையில் கேட்கப்படும் கணக்கை விட இது எளிது.

கடல் கடந்தவர்கள் கட்டியதைக் காப்பது கரையில் இருப்பவர்களின் கடமையாகும். உழைத்து மடிந்த அந்த முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் தர்மங்களை ஏற்று, அவற்றை அமானிதமாகக் காக்கும் நேர்மையை நமக்கு வல்ல இறைவன் அருள்வானாக! ஆமீன்.